உங்களுக்குத் தெரியுமா? சின்ன ஓடுதளமும் பாராசூட்டும்

வடகரப்பதி, ஒழலப்பதி, எருத்தேன்பதிப் பக்கம் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. வடகிழக்கே பீளமேட்டில் கோவை விமான நிலையம், அதற்கும் கிழக்கே சூலூர் விமானப்படைத் தளம். தலைக்கு மேலே இவ்வளவு போக்குவரத்து இருந்தும், இந்த ஊர்ப் பிள்ளை ஒன்று பாராசூட் கட்டிக்கொண்டு குதிக்கக் கற்க வேண்டுமென்றால் பக்கத்தில் இடமில்லை. வானத்திலிருந்து குதிக்கும் கலை வளர்ந்ததெல்லாம் பெரிய விமான நிலையங்களில் அல்ல, சின்னச் சின்ன ஓடுதளங்களில்தான். அந்தக் கதையிலிருந்து சில துணுக்குகள்.

★ அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆரஞ்ச் என்றொரு சிற்றூர். சில ஆயிரம் பேர்தான் வசிக்கிறார்கள். ஊராட்சிக்குச் சொந்தமாக ஒரு விமானத் தளம் உண்டு. பயணிகள் விமானம் வராது. சொந்த விமானம் வைத்திருப்பவர்களும் பழகுபவர்களும் வந்து போவார்கள். பாரிஸில் பிறந்த ழாக் இஸ்டெல் 1959ல் அங்கே ஒரு பாராசூட் பயிற்சி மையம் திறந்தார். அமெரிக்காவில் பொதுமக்களுக்காகத் தொழில்முறையில் நடத்தப்பட்ட முதல் மையம் அது. அதற்கு முன் பாராசூட் என்றால் படைவீரர் குதிப்பார், இல்லையென்றால் கண்காட்சியில் சாகசக்காரர் குதிப்பார். கடைக்காரரும் கல்லூரி மாணவரும் காலையில் வந்து சில மணி நேரம் பயின்று, அன்றைக்கே முதல் குதிப்பை முடித்து வீட்டுக்குப் போகலாம் என்று ஆக்கியவர் இஸ்டெல். 1962ல் உலகப் பாராசூட் போட்டி அந்தச் சிற்றூரிலேயே நடந்தது! உலகத்தைத் தன் ஊருக்கு வரவழைக்க ஒரு ஊராட்சிக்கு ஓர் ஓடுதளம் போதுமானதாக இருந்தது.

★ ஃபுளோரிடாவில் உள்ள டிலேண்ட் இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானத் தளம். போர் முடிந்ததும் நகராட்சி கைக்கு வந்தது. இன்று உலகெங்குமிருந்து ஸ்கைடைவிங் வீரர்கள் தேடிப் போகும் ஊர். குதிப்பவர்கள் மட்டுமல்ல, பாராசூட் தைப்பவர்கள், பை செய்பவர்கள், கருவி செய்பவர்கள் என்று ஒரு தொழிலே அந்த ஓடுதளத்தைச் சுற்றி ஊன்றிவிட்டது.

★ நம் பக்கத்துப் போர்க்கால ஓடுதளங்கள் என்ன ஆயின? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்த தளம் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலாகிப் பல்லாண்டு புகழோடு இருந்தது. செட்டிநாட்டிலும் கயத்தாறிலும் இருந்த தளங்கள் வெறும் நிலமாகக் கிடந்தன.

★ கோவையும் சூலூரும் அந்தப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்தவை. கடலே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை? விமானந்தாங்கிக் கப்பல்களில் பறக்கும் விமானங்களைப் பழுது பார்க்க, எதிரியின் கைக்கு எட்டாத உள்நாட்டில் ஒரு பட்டறை தேவைப்பட்டது. 1942ல் கோவையில் அந்தப் பட்டறை அமைந்தது. கப்பல்களுக்குச் சூட்டும் முறையிலேயே அதற்கும் பெயர் வைத்தார்கள்: கருடா. 1945ல் சூலூர்த் தளத்துக்கு வைரி என்று பெயர். 1946ல் இரண்டையும் கலைத்தார்கள். இன்றைக்குச் சூலூரில் தேஜஸ் போர் விமானங்கள் நிற்கின்றன. சாரங் ஹெலிகாப்டர் சாகசக் குழுவுக்கும் அதுதான் வீடு.

★ கோவை ஓடுதளத்தின் இரு முனைகளிலும் 05, 23 என்று எண்கள் எழுதியிருக்கும். ஓடுதளம் நோக்கும் திசையைத் திசைகாட்டிப் பாகையில் சொல்லி, கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் வருவது இந்த எண். 05 என்றால் ஏறக்குறைய 50 பாகை, வடகிழக்கு. 23 என்றால் 230 பாகை, தென்மேற்கு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும், இறங்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு முகம் கொடுத்து ஓடுதளம் கிடக்கிறது.

★ அந்தக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து நெருக்கிக்கொண்டு வரும். கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று திரும்பி அடிக்கும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது இதனால்தான். பாராசூட் பழகுகிறவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி, தரையில் காற்று மணிக்கு 22 கிலோமீட்டர் அளவைத் தாண்டினால் பழகுநர் குதிக்கக் கூடாது. அம்மியையே நகர்த்துகிற ஆடிக்காற்றில் ஆளைக் குதிக்க விட முடியாது. ஆகவே வடகரப்பதியில் நாளை ஒருவர் மையம் திறந்தாலும் ஆண்டில் பாதி நாள் காற்றுமானியைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும். இந்த மண்ணுக்கு இது குறையல்ல, நாள் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான்.

★ இடுக்கி மாவட்டத்தில் ரயில் பாதை கிடையாது, பயணிகள் விமான நிலையமும் கிடையாது. ஆனால் ஓர் ஓடுதளம் இருக்கிறது. வண்டிப்பெரியாறுக்குப் பக்கத்தில் சத்திரம் என்ற இடத்தில் 650 மீட்டர் நீளம். தேசிய மாணவர் படையின், அதாவது என்.சி.சி.யின், விமானப் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதற்காகக் கட்டியது. நாட்டில் என்.சி.சி.க்கென்றே அமைந்த முதல் ஓடுதளம் என்ற பெருமை அதற்கு. கேரளப் பொதுப்பணித் துறை கட்டிக் கொடுத்தது.

அது எளிதாக முடிந்த காரியமல்ல. 2022ல் விமானத்தை இறக்கிப் பார்க்க வந்தபோது, தளத்தை ஒட்டிய மண்மேடு குறுக்கே நின்றது; வட்டமடித்துவிட்டு விமானம் திரும்பிப் போயிற்று. அந்த ஆண்டு ஜூலை மழையில் ஓடுதளத்தின் ஒரு பக்கம் சரிந்து பள்ளத்தில் விழுந்தது. மேட்டை வெட்டிய பிறகு, 2022 டிசம்பர் 1 அன்று வைரஸ் எஸ்.டபிள்யூ. 80 என்ற இரண்டு பேர் அமரும் சிறு விமானம் கொச்சியிலிருந்து வந்து இறங்கியது. ஸ்லோவேனியா நாட்டுத் தயாரிப்பு அது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், பக்கத்தில் பெரியாறு புலிகள் காப்பகம். காட்டுக்கு இடைஞ்சல் என்ற எதிர்ப்பும் உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் இந்தத் தளத்துக்கு உயிர் கொடுத்தால், தோட்டத் தொழிலாளியின் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே விமானம் ஓட்டக் கற்கலாம்.

★ சத்திரம் இருக்கும் அதே பீருமேடு தாலுகாவில்தான் வாகமண்ணும் இருக்கிறது. அங்கே மலை விளிம்பிலிருந்து பாராகிளைடரில் பறக்கிறார்கள். 2023, 2024 மார்ச் மாதங்களில் சர்வதேச அளவில் விழாவும் நடந்தது. பாராகிளைடருக்குத் தாய் பாராசூட்தான். 1978ல் பிரான்சின் மியூசி என்ற மலைக் கிராமத்தில், விமானத்தில் ஏறக் காசு போதாத பாராசூட் வீரர்கள் சிலர், சதுரப் பாராசூட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடிப் பார்த்தார்கள். பறந்தது! ஒரு விளையாட்டு பிறந்தது.

★ 2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய கடல் விமானம் மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பெட்டி அணை நீரில் இறங்கியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். அந்த விமானத்தின் பெயர் ட்வின் ஆட்டர், கனடா தயாரிப்பு. மிதவையைக் கழற்றிச் சக்கரம் மாட்டினால், உலகத்து ஸ்கைடைவிங் மையங்கள் அதிகம் விரும்பும் விமானம் அதுவே. இருபது பேரைத் தாங்கும், குட்டையான ஓடுதளத்தில் எழும்பும், பக்கவாட்டில் அகலமான கதவு இருக்கும். இடுக்கியில் அது யானைகளை மிரட்டுமோ என்று வனத்துறை கவலைப்பட்டது.

★ இந்தியரில் முதலில் பாராசூட்டில் குதித்தவர் படைவீரர் அல்ல, சர்க்கஸ்காரர். கல்கத்தாவின் ராமச்சந்திர சாட்டர்ஜி. இங்கிலாந்திலிருந்து வந்து பலூன் காட்சி நடத்திய பெர்சிவல் ஸ்பென்சரிடம் பழகி, 1889ல் தனியாகப் பலூனில் ஏறினார். 1890ல் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிக் காட்டினார். ரைட் சகோதரர்களின் விமானம் எழும்ப இன்னும் 13 ஆண்டு இருந்தது.

★ இந்திய ராணுவத்தில் முதலில் குதித்த இருவரில் ஒருவர் தமிழ்ப் பெயருக்குரியவர்: ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். இன்னொருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். ஆண்டு 1941. ரங்கராஜ் துப்பாக்கி ஏந்தும் அதிகாரி அல்ல, ராணுவ மருத்துவர். இவரைப் பற்றி நம் பாடப் புத்தகங்களில் ஒரு பத்தியாவது இருந்திருக்க வேண்டும்.

1950 நவம்பரில் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற இந்திய மருத்துவப் பிரிவு, லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் கொரியாவில் போய் இறங்கியது. சில வாரங்களிலேயே சீனப் படை பாய்ந்து வர, ஐ.நா. படைகள் பியாங்யாங் நகரைவிட்டுப் பின்வாங்கின. இந்திய மருத்துவர்களிடம் வண்டி இல்லை. மருந்தையும் கருவிகளையும் விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். மருந்தில்லாத மருத்துவப் பிரிவு எதற்கு என்று அவர்கள் விட்டு வரவில்லை. நிலையத்தில் கிடந்த ஒரு பழைய நீராவி எஞ்சினைக் கண்டார்கள். ரயில் ஓட்டத் தெரிந்த சிப்பாய்கள் சிலர் குழுவில் இருந்தார்கள். வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றித் தண்ணீர் ஊற்றி பாய்லரை நிரப்பினார்கள். பெட்டிகளில் சரக்கை ஏற்றிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுவதற்கு முன்பாக ஆற்றைத் தாண்டினார்கள்.

1951 மார்ச் 23 அன்று முன்சான் பகுதியில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தபோது, அதோடு சேர்ந்து இந்தியக் குழுவில் 12 பேர் குதித்து, களத்திலேயே காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். தலைமை ரங்கராஜ்தான். மகாவீர் சக்கரம் அவருக்குக் கிடைத்தது.

★ ஆக்ராவில் விமானப்படையின் பாராசூட் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. இந்தியப் படைவீரர் பாராசூட் சின்னத்தை மார்பில் குத்த ஐந்து முறை குதித்தாக வேண்டும். அதில் ஒன்று இரவில். குதிக்கும் முன் பல நாள் தரையில் விழத்தான் கற்றுத் தருகிறார்கள். இரு கால்களையும் ஒட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, முதலில் பாதம், பிறகு கெண்டைக்காலின் பக்கம், தொடை, இடுப்பு, முதுகு என்று வரிசையாக மண்ணில் படும்படி உருள வேண்டும். அடி ஓரிடத்தில் இறங்காமல் உடம்பெல்லாம் பங்கிட்டுப் போய்விடும். இதைக் கற்றவர் திண்ணையிலிருந்து விழுந்தாலும் கையை ஊன்ற மாட்டார்.

★ ஆக்ராவில் குதித்த முதல் இந்தியப் பெண் விமானப்படை மருத்துவர் கீதா சந்தா, 1959ல். ரயில்வேயில் பணியாற்றிய ரேச்சல் தாமஸ் 1979ல் அங்கேதான் முதல் முறை குதித்தார். 2002ல் வட துருவத்தின் மேல் குதித்தார். 2005ல் பத்மஸ்ரீ பெற்றார். புனேயின் சீதல் மகாஜன் 2004 ஏப்ரல் 18 அன்று வட துருவத்தில் குதித்தாரே, அதுதான் அவர் வாழ்க்கையின் முதல் குதிப்பு! 2006ல் அண்டார்டிகா, 2011ல் பத்மஸ்ரீ. 2018ல் தாய்லாந்தில் 13,000 அடி உயரத்திலிருந்து மராட்டிய நௌவாரிச் சேலை கட்டிக் குதித்தார். எட்டு மீட்டருக்கு மேற்பட்ட துணி. காற்றில் பிரியாமலிருக்க ஊசி குத்தி, ஒட்டுநாடாவும் சுற்றிக்கொண்டார்.

★ குதித்தவுடன் கல்லாக விழுந்துகொண்டே வேகம் கூடிக்கொண்டிருக்கும் என்று நினைப்பது தவறு. முதல் 10 விநாடியில் சுமார் 1,000 அடி. அதற்குள் காற்றின் எதிர்ப்பும் உடலின் எடையும் சமமாகிவிடும். பிறகு மணிக்கு 190 கிலோமீட்டர் அளவில் வேகம் நிலைத்து, ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஐந்தரை விநாடி ஆகும். 13,000 அடியில் குதித்து 5,000 அடியில் விரித்தால் முக்கால் நிமிடத்துக்குச் சற்று மேல். முதல் முறை குதித்தவர்கள் பலர், கீழே விழுவதாகவே தோன்றவில்லை, காற்றின் மேல் படுத்திருந்த உணர்வுதான் என்கிறார்கள்.

★ விரிந்த பாராசூட் சிக்கிக்கொண்டால்? அதைக் கழற்றி எறிந்துவிட்டு, மாற்றாக வைத்திருக்கும் ரிசர்வ் பாராசூட்டை விரிக்க வேண்டும். கழற்றுவதற்கு இரு தோளிலும் மூன்று உலோக வளையங்கள் இருக்கும். பெரியது, நடுத்தரம், சிறியது. ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து மடங்கி, கடைசிச் சிறு வளையத்தை ஒரு துணிக் கண்ணி பிடித்திருக்கும். அந்தக் கண்ணிக்குள் ஒரு மெல்லிய மஞ்சள் கம்பி. ஒவ்வொரு வளையமும் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வருவதால், மேலே ஓர் ஆளின் முழு எடை தொங்கினாலும் கம்பியை ஒரு கையால் உருவிவிடலாம். உருவினால் மூன்றும் நொடியில் நழுவிப் பிரியும். 1970களில் பில் பூத் என்பவர் கண்டுபிடித்தது. இன்று உலகில் விளையாட்டாகக் குதிப்பவர் பெரும்பாலோர் தோளில் இதுதான் இருக்கிறது.

மயங்கிவிட்டாலும் காப்பாற்ற ஒரு கருவி உண்டு. 1991ல் ஜெர்மனியில் வந்த சைப்ரஸ், தரையிலிருந்து சுமார் 225 மீட்டர் உயரத்தில் ஆள் இன்னும் வேகமாக விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் பையின் கண்ணியைத் தானே வெட்டிப் பாராசூட்டை விடுவிக்கும்.

★ பயிற்சி இல்லாதவரும் குதிக்க வழி செய்தது டாண்டம் முறை. 1983 வாக்கில் அமெரிக்காவில் பில் பூத்தும் டெட் ஸ்ட்ராங்கும் இதைக் கொண்டுவந்தார்கள். பயிற்றுநரின் மார்போடு நான்கு இடங்களில் கொக்கி போட்டு உங்களைக் கட்டிவிடுவார்கள். பாராசூட் அவர் முதுகில். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் ஆம்பி வேலி, மைசூர், ஹரியானாவின் நார்னோல் பக்கமுள்ள ஓடுதளம் என்று சில இடங்களில் இது நடந்திருக்கிறது. எல்லாமே சின்னத் தளங்கள் என்பதைக் கவனியுங்கள்.

★ சேலம் காமலாபுரம் விமான நிலையம் 1993ல் திறந்தது. ஓடுதளம் 1,806 மீட்டர். சில காலம் விமானம் வந்தது, நின்றது. 2018 மார்ச் 25ல் சென்னைக்கு மீண்டும் தொடங்கியது. 2021ல் திரும்ப நின்று, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. பாராசூட் வீரர்களை ஏற்றும் சிறு விமானத்துக்கு இதில் பாதி நீளம் போதும். பயணிகள் இல்லை என்று பூட்டி வைத்த ஆண்டுகளில் அங்கே ஒரு பறக்கும் பள்ளியும் பாராசூட் பள்ளியும் தொடர்ந்து நடந்திருந்தால், இன்று கொங்கு நாட்டில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் உரிமம் வைத்திருப்பார்கள். ஓடுதளம் என்றாலே பெரிய விமானம் என்ற எண்ணத்தை நம் அரசுகள் கைவிட வேண்டும்.

★ ககன்யான் வீரர்கள் விண்ணிலிருந்து திரும்பும் கலத்தில் 10 பாராசூட்கள் இருக்கும். வடிவமைத்தவர்கள் ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தினர். 2025 ஆகஸ்ட் 24ல் ஹெலிகாப்டரிலிருந்து மாதிரிக் கலத்தைப் போட்டுச் சோதித்தார்கள்; எல்லாம் ஒழுங்காக விரிந்தன.

★ கடைசியாக, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வண்டிப்பெரியாறுப் பக்கத்துப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு சேதி. 13 வயது நிரம்பியதும் என்.சி.சி.யில் சேரலாம். சீனியர் பிரிவு மாணவ மாணவியரில் தேர்வு செய்து, ஆண்டுதோறும் சிலரை ஆக்ராவுக்குப் பாராசூட் அடிப்படைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். டாண்டம் குதிப்புக்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாசல் இது. ஆண்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாக இடங்கள் உண்டு. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. பொறுப்பாசிரியர் யார் என்று நாளைக்கே விசாரியுங்கள். உடற்தகுதித் தேர்வில் ஓட்டம் முக்கியம். இன்றைக்கே ஓடத் தொடங்குங்கள்.